சிஸ்டரக்கா வீட்டு மாத்திரை

ஜனக்புரியில் அந்த பிளாக்கில் இருந்த ஒன்பது தமிழ்க் குடும்பங்களுக்கும் உடம்புக்கு ஏதாவது வந்தால் முதலில் போவது டிஸ்பென்சரிக்கு அல்ல, தரைத்தளத்தில் இருந்த செலின் வீட்டுக்குத்தான். டிஸ்பென்சரியில் வரிசையில் நிற்க வேண்டும், வயிற்றுப்போக்கை இந்தியில் விவரிக்க வேண்டும். செலின் வீட்டில் இரண்டு தொல்லையும் இல்லை. மணியை அடித்தால் போதும், "என்ன, திரும்பவும் சோளே பட்டூரா தின்னீங்களாக்கும்?" என்று தமிழிலேயே திட்டிக்கொண்டு கதவைத் திறப்பாள். திட்டு வாங்கியதிலேயே பாதி வியாதி இறங்கிவிடும் என்று ஆண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

செலின் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துப் பெண். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பை முடித்து இருபத்திரண்டு வயதில் ஒரு தகரப் பெட்டியோடு டெல்லிக்கு ரயிலேறியவள். 1980இல் அவளுக்கு முப்பத்தாறு வயது. டெல்லியில் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்றில் எலும்பு வார்டில் பன்னிரண்டு வருடம் ஓட்டியிருந்தாள். கணவர் ஞானசீலன் மத்திய சர்க்காரில் குமாஸ்தா. யார் வம்புக்கும் போகாத மனிதர். வம்பு அவரைத் தேடி வந்தால், வீட்டில் ஆள் இல்லை என்று அவரே சொல்லி அனுப்பிவிடுவார்.

செலின் வீட்டு அலமாரியில் ஒரு பழைய டால்டா டின் இருந்தது. அதில் மாத்திரைகள். அவள் ஒன்றும் ஆஸ்பத்திரியிலிருந்து திருடிக்கொண்டு வந்தவை அல்ல. நம் ஜனங்களுக்கு எதையும் தூக்கி எறிய மனம் வராது, அதுவும் சர்க்கார் இனாமாகக் கொடுத்த மருந்தை எறிவதென்றால் கையே வராது. டிஸ்பென்சரியில் ஒரு மாதத்து மாத்திரையை அள்ளிக் கொடுப்பார்கள். பத்து நாளில் குணமாகிவிடும். மிச்சம் செலின் சிஸ்டரிடம் வந்து சேரும். மதராசுக்கோ பம்பாய்க்கோ மாற்றலாகிப் போகிறவர்கள் இட்லித் தட்டை எதிர்வீட்டுக்கும், மாவாட்டும் உரலை மாடிவீட்டுக்கும், மாத்திரைகளை செலினுக்கும் கொடுத்துவிட்டுப் போவது அந்த பிளாக்கில் எழுதாத சட்டம். அவள் ஒவ்வொன்றையும் தேதி பார்த்து, காகிதப் பொட்டலமாக மடித்து, மேலே பெயர் எழுதி வைப்பாள். டாக்டரைக் காட்டிலும் கவனமானவள் என்று பெயர். அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்கும். யாருக்குத்தான் பிடிக்காது?

இரண்டாவது மாடியில் குடியிருந்தாள் லீலாவதி. சிவகங்கைப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது. கணவன் மாணிக்கவாசகம் வங்கியில் வேலை. கல்யாணமாகி டெல்லிக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியும் அவளுக்கு இந்தியில் "அச்சா", "கித்னா" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் ஏறவில்லை. செலினை அவள் அக்கா என்றும் கூப்பிடாமல் சிஸ்டர் என்றும் கூப்பிடாமல், "சிஸ்டரக்கா" என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டாள். செலினுக்கும் அந்தப் பெண்மேல் தனிப் பிரியம்.

தலைப்பிள்ளைக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது லீலாவதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். பிப்ரவரி முதல் வாரம், குளிர் இன்னும் விட்டபாடில்லை. மேலே தண்ணீர் ஏறாததால் கீழேயிருந்து வாளி வாளியாகச் சுமந்திருக்கிறாள்.

"இடுப்பு விட்டுப்போச்சு சிஸ்டரக்கா. ராத்திரி புரண்டு படுக்க முடியல. இந்தப் பிள்ளையப் பெத்துப்போட நான் இருப்பேனான்னு தெரியல."

"வாய மூடு மூதேவி. பிள்ளைத்தாச்சி பேசுத பேச்சா இது? இரு, பாக்குதேன்."

டின்னைத் திறந்தாள். முதலில் கையில் அகப்பட்டது ஆஸ்பிரின். அதை அவள் அப்படியே திரும்ப டின்னுக்குள் போட்டாள். பிரசவ நேரத்தில் ரத்தப்போக்கைக் கூட்டிவிடும் என்று படித்திருந்தாள். அடுத்த பொட்டலம், முட்டிவலிக்காரர் சேஷன் மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. இண்டோமெதசின் கேப்சூல், அறுபதுக்கு மேல் இருந்தது. எலும்பு வார்டில் தினமும் இருபது பேருக்குத் தன் கையால் எடுத்துக் கொடுக்கிற மருந்து. அந்த வார்டில் கிழவர்களும், கால் ஒடிந்தவர்களும் உண்டு. கர்ப்பிணி ஒருத்தியை அவள் அங்கே பார்த்ததில்லை. அது அப்போது அவள் நினைப்பில் வரவில்லை.

"காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வெறும் வயித்துல போடாத. வலி விட்டதும் நிறுத்திரு."

வலி நன்றாகவே விட்டது. மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வந்தது. ஆகவே லீலாவதி நிறுத்தவில்லை. மூன்று வாரம் சாப்பிட்டாள். நடுவில் ஒருநாள் கொடுத்தது தீர்ந்தபோது செலினே மறுபடியும் எடுத்துக் கொடுத்தாள்.

அந்த மாதம் பதினாறாம் தேதி சூரிய கிரகணம். பிரசவம் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் ராஜம், மருமகளை அறைக்குள் வைத்து ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருந்தாள். டெல்லியே அன்று மத்தியானம் வெறிச்சோடிக் கிடந்தது. மாமியார் கண்ணயர்ந்த நேரத்தில் லீலாவதி மொட்டை மாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஐந்து நிமிஷம் இருக்குமோ என்னவோ. திரும்பும்போது ராஜம் வாசலில் நின்றாள். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிற்பாடு சொல்வதற்கு எடுத்து வைத்துக்கொண்டாள்.

மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் செலினின் ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் ஆயிற்று. ஆண் குழந்தை, எடைக்குக் குறைவில்லை. பனிக்குடத்தில் நீர் மிகவும் குறைவாக இருந்தது என்று பிரசவம் பார்த்த டாக்டர் சீட்டில் எழுதினார். அரை மணியில் குழந்தையின் உதடு நீலம் பாய்ந்தது. விலா எலும்பு உள்வாங்க மூச்சு வாங்கியது. பச்சைக் குழந்தைகள் அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, தலையைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி வைத்து ஆக்சிஜன் விட்டார்கள். நீலம் குறைந்ததே ஒழிய மறையவில்லை.

திங்கட்கிழமை காலையில் குழந்தைகள் டாக்டர் மல்ஹோத்ரா பிரசவ வார்டுக்கு வந்தார். ஐம்பது வயதுப் பஞ்சாபி அம்மாள். சிரிப்பு கிடையாது. தாயிடம் சில விவரம் கேட்க வேண்டும், அவளுக்கு இந்தி தெரியவில்லை என்றதும் யாரோ எலும்பு வார்டிலிருந்து செலினைக் கூட்டி வந்தார்கள்.

டாக்டர் கேட்கக் கேட்க, செலின் தமிழில் கேட்டுப் பதிலை இந்தியில் சொன்னாள். காய்ச்சல் வந்ததா, உடம்பில் தடிப்பு வந்ததா, சர்க்கரை உண்டா, குடும்பத்தில் யாருக்காவது பிறவியிலேயே இதயக் கோளாறு உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை. கடைசியாக டாக்டர் கேட்டார்: "கடைசி இரண்டு மாதத்தில் வலிக்கு ஏதாவது சாப்பிட்டாளா? ஆஸ்பிரின், இண்டோமெதசின் மாதிரி? யார் கொடுத்ததானாலும் சரி."

செலின் அதை உடனே தமிழில் திருப்பவில்லை. "அது எதுக்கு டாக்டர்?" என்று கேட்டாள்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. அதன் நுரையீரலுக்கு ரத்தம் அதிகம் தேவையில்லை. ஆகவே இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகிற ரத்தத்தைப் பாதி வழியிலேயே உடம்புக்குத் திருப்பிவிட ஒரு சிறு குழாய் உண்டு. "நம் ரிங் ரோடு மாதிரி," என்றார். பிறந்த பிறகு அது தானாக மூடிக்கொள்ளும். இந்த வகை வலி மருந்துகள் தாயின் ரத்தத்திலிருந்து குழந்தைக்குப் போய் அந்தக் குழாயை முன்கூட்டியே சுருக்கிவிடுவதாக நாலைந்து வருடமாக வெளிநாட்டில் எழுதுகிறார்கள். ரிங் ரோடை அடைத்தால் லாரியெல்லாம் சந்தைக்குள் புகுந்துவிடுமே, அப்படி ரத்தமெல்லாம் நுரையீரலின்மேல் மோதும். அங்கே உள்ள நாளங்கள் தடித்து இறுகிப்போகும். இதயத்தின் வலப்பக்கம் திணறும். பிறந்ததும் குழந்தை நீலம் பாயும். "அப்படி இருந்தால் ஆக்சிஜன் கொடுத்துக் காத்திருக்கலாம். இறுக்கம் மெல்ல இளக வழி உண்டு. இல்லையென்றால் இது பிறவிக் கோளாறு. புதன்கிழமை தொடை வழியாகக் குழாய் விட்டு இதயத்தைப் பார்த்தாக வேண்டும். மூன்று நாள் குழந்தை, இந்த நிலைமையில்..." என்று டாக்டர் முடிக்காமல் விட்டார். "கேளுங்கள்."

செலின் கட்டில் பக்கம் திரும்பினாள். லீலாவதி முகம் வெளுத்து, இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லீலா, டாக்டர் யாரும் சீட்டு எழுதிக் குடுத்து, கடையில வலி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டியா?"

"இல்லைக்கா. எந்த டாக்டரு எனக்கு எழுதிக் குடுத்தாக?"

"நஹீன் டாக்டர் சாப். குச் நஹீன்," ஒன்றுமே இல்லை என்றாள் செலின்.

அந்தப் பெண் சொன்னது சத்தியம். கேட்டவள் கேட்ட விதம்தான் பொய். லீலாவதிக்குச் சிஸ்டரக்கா கொடுத்தது மருந்துக் கணக்கிலேயே சேராது. அது வீட்டில் சுக்கு தட்டிக் கொடுக்கிற மாதிரி. இது செலினுக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிக் கேட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு எலும்பு வார்டுக்குத் திரும்பிப் போனாள். 

சாயங்காலம் ஞானசீலனிடம் சொன்னாள். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். அவர் அப்படிச் செய்வது அபூர்வம்.

"நீதான் குடுத்தன்னு யாருக்குத் தெரியும்?"

"கர்த்தருக்குத் தெரியும்."

"ஆஸ்பத்திரியில கேக்குதேன்."

"யாருக்கும் தெரியாது."

"அப்ப வாய மூடிட்டு இரு. டாக்டர் எழுதாம நர்சு மருந்து குடுத்தான்னா வேலை போயிரும், லைசென்சு போயிரும். போலீசும் வரும். அந்தப் பிள்ளைக்குப் பிறவிக் கோளாறாவே இருக்கும். உன்னாலதான்னு நீயா ஏன் இழுத்துப் போட்டுக்கிடுத?"

இருக்கும் என்று நம்ப செலின் மிகவும் பாடுபட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்கு அது நெஞ்சோடு நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு கிழவருக்குக் கொடுக்க அந்தக் கேப்சூலையே கையில் எடுத்தவள் அதைத் தட்டிலேயே போட்டுவிட்டாள். கழுவுதொட்டிக்கு ஓடிக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

அன்று பார்வையாளர் நேரத்தில் பிரசவ வார்டுக்குப் போனாள். வாசலிலேயே ராஜத்தின் குரல் கேட்டது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி! போர்வை கட்டி வச்சேனே! துணியா பறந்துபோகுது? என் பேரன் உசிரைக் கிரகணத்துக்குக் குடுத்துட்டு வந்து படுத்திருக்கியே, பாவி! வம்சத்தைத் தின்னவளே!"

லீலாவதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தட்டில் ரொட்டி காய்ந்து கிடந்தது. முந்தாநாளிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று பக்கத்துக் கட்டில்காரி சைகை காட்டினாள். பிறகு லீலாவதி திரும்பாமலே சொன்னாள்: "ஆமா அத்தை. நான்தான் போனேன். நான்தான் செஞ்சேன். என்னைய எடுத்துக்கிட்டு அவனை விட்டுறச் சொல்லி மாரியாத்தாகிட்டக் கேட்டிருக்கேன்."

செலின் உள்ளே போகவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றாள், பிறகு வந்த வழியே போய்விட்டாள். வெட்கத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும்: அந்த நிமிஷத்தில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. பழியைச் சுமக்கக் கிரகணம் ஒன்று கிடைத்துவிட்டதே என்று இருந்தது. அந்த ஆறுதலை நினைத்து அன்றிரவு அவள் தன்னையே அருவருத்தாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மாணிக்கவாசகம் எலும்பு வார்டைத் தேடி வந்தான். மூன்று நாள் தாடி. கையில் ஒரு காகிதம்.

"இதுல சைன் போடச் சொல்றாங்க சிஸ்டர். குழாய் விடுறப்ப ஹார்ட் நின்னாலும் நாங்க பொறுப்பில்லைன்னு எழுதியிருக்கு. படிச்சுப் பார்த்தேன், கை ஓடலை. பத்து மணிக்குள்ள வேணுமாம். ஜல்தி ஜல்திங்கிறாங்க." காகிதத்தை அவளிடம் நீட்டினான். "எனக்கு இந்த ஊர்ல யாரைத் தெரியும்? நீங்க போடுன்னா போடுறேன். வேண்டாம்னா தூக்கிட்டுப் போயிடுறேன்."

செலின் காகிதத்தை வாங்கினாள். படிக்கவில்லை. "இங்கயே இரு. சைன் போடாத. நான் வந்து சொல்லுதவரைக்கும் போடாத," என்றாள். தொப்பி கழன்று விழுந்ததைக்கூட எடுக்காமல் இரண்டு மாடி ஏறி ஓடினாள்.

டாக்டர் மல்ஹோத்ரா கை கழுவிக்கொண்டிருந்தார். செலின் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், யாருடைய மிச்சம். திங்கட்கிழமை கேட்டதை எப்படி மாற்றிக் கேட்டாள் என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லாமல் தப்பித்திருக்கலாம். அந்த ஒன்றை மட்டும் விழுங்க அவளால் முடியவில்லை.

டாக்டர் தண்ணீர்க் குழாயை மூடினார். "திங்கட்கிழமையே தெரியுமா?"

"தெரியும்."

"அப்படியானால் இரண்டு நாளாக நான் இதயத்தில் இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தேனா?" அவர் குரலை உயர்த்தவில்லை. "பன்னிரண்டு வருஷ சர்வீஸ். போங்கள், என் முன்னால் நிற்காதீர்கள்." பிறகு உதவி டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "குழாய் வேண்டாம். ஆக்சிஜனைக் கூட்டு. குழந்தையை யாரும் அநாவசியமாகத் தொடாதீர்கள். அழக்கூடாது. காத்திருப்போம்."

காத்திருந்தார்கள். அந்த மருந்துதான் காரணம் என்று டாக்டர் சத்தியம் பண்ணிச் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை ஒரு தடவை மூச்சே நின்று, உலுக்கி எடுத்தார்கள். எட்டாம் நாள் நகக்கண் சிவந்தது. பதினொன்றாம் நாள் பாலை உறிஞ்சிக் குடித்தது. இருபத்து மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாதம் ஒருமுறை காட்ட வேண்டும், இதயத்தின் வலப்பக்கத் தடிப்பு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள்.

மேட்ரன் விசாரணை வைத்தார். குழந்தை பிழைத்ததாலும், செலின் தானாக வந்து சொன்னதாலும், மாணிக்கவாசகம் புகார் எழுதித் தர மறுத்ததாலும் வேலை தப்பியது. வார்டிலிருந்து எடுத்துக் கட்டுத்துணி சுற்றும் அறையில் போட்டார்கள். இனி நோயாளிக்கு அவள் கையால் மருந்து கொடுக்கக் கூடாது என்று உத்தரவு.

டின்னில் இருந்ததை எல்லாம் செலின் சாக்கடையில் கொட்டினாள். ஆனால் பிளாக்கில் ஒருவரும் அவள் சொன்னதை நம்பவில்லை என்பதுதான் வேடிக்கை. தானே வீடு வீடாகப் போய், என்னால்தான் ஆயிற்று என்று சொன்னாள். "சேச்சே, ராசியான கை உங்களோடது" என்றார்கள். வலி மாத்திரைக்கும் வயிற்றுப் பிள்ளையின் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். கதவைத் தட்டி மாத்திரை கேட்டவர்களுக்கு இல்லை என்றபோதுதான் கோபித்துக்கொண்டார்கள். சிஸ்டருக்குப் பவுசு வந்துவிட்டது என்று பேச்சு. ராஜமோ ஊருக்கு ரயிலேறும் வரை கிரகணத்தை விடவில்லை. "அந்தக் கேப்சூலை எங்க ஊரு டாக்டரும் எனக்கு முட்டிக்குக் குடுத்தாரு. எனக்கு என்ன ஆச்சாம்?" என்று கேட்டாள்.

லீலாவதி மட்டும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. படியில் எதிர்ப்பட்டால் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள். செலின் அதைப் பதினெட்டு நாள் பொறுத்தாள். ஏப்ரலில் ஒரு நாள் மத்தியானம், மாமியாரும் போய், கணவனும் வங்கியில் இருக்கும் நேரம் பார்த்து இரண்டு மாடி ஏறினாள்.

கதவு திறந்துதான் இருந்தது. லீலாவதி கால் நீட்டி உட்கார்ந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குழந்தையிடம் குனிந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"லீலா, நான் தெரியாமத்தான் குடுத்தேன்."

"அது எனக்குத் தெரியும்க்கா."

"உன் இடுப்பு வலியப் பாத்துச் சகிக்காமத்தான்..."

"அதுவும் தெரியும்." குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகில் எண்ணெய் வைத்தாள். "அன்னைக்கு டாக்டரம்மா கேட்டது ஒண்ணு, நீங்க என்கிட்டக் கேட்டது ஒண்ணாமே. எங்க வீட்டுக்காரவுக வந்து சொன்னாக."

செலின் தலை குனிந்தாள். "ஆமா."

"ஒழுங்காக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. சிஸ்டரக்கா குடுத்தாகன்னு பெருமையாவே சொல்லியிருப்பேன். எனக்கு என்ன தெரியும்? உங்க வாயையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தேன்."  எண்ணெய்க் கையால் முகத்தைத் துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு நாளு எங்க அத்தை என்னைய வறுத்தெடுத்தாக. என் பிள்ளைய நானே கொன்னுட்டேன்னு நெனச்சுச் செத்துக்கிட்டு இருந்தேன். நீங்க கதவுக்கிட்ட நின்னதைப் பாத்தேன்க்கா. சுவத்துல நெழலு விழுந்துச்சு. நீங்கன்னு தெரியும். உள்ள வருவீகன்னு பாத்தேன்."

செலின் அழுதாள். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தாள். லீலாவதி கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"நாளைக்குச் செக்கப்புக்கு வரச் சொல்லியிருக்காக. அவுகளுக்கு ஆடிட்டாம், லீவு இல்லை. எனக்கு இந்தி வராது. நீங்கதான் வந்து கேட்டுச் சொல்லணும்."

செலினின் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு, லீலாவதி குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கினாள்.

"மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்கிறாதீக. வேற ஆளு இல்லை, அதான். அந்தம்மா என்ன கேட்டாலும் இந்தத் தடவை அப்படியே கேளுங்க."